கல்யாண மண்டபத்தில் ஒட்டிய சிவப்புத் தாள்

வியாழக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு தச்சர் என் கண் முன்னால் "முடியாது" என்கிறார். நாலு வருஷமாகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. பின்லாந்தில் தம்பெரே என்கிற ஊரில், ஏரிக்கரையை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கிற ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அது. பக்கத்தில் வேலையாட்கள் உட்கார்ந்து காப்பி குடிக்க ஒரு சின்னக் கொட்டகை. அதற்குள் எட்டுப் பேர், ஒன்பது பேர் கூடுவார்கள். கட்டடப் பொறுப்பாளர் பெக்கா ஒவ்வொருவரையும் பார்த்து, அடுத்த வாரம் உன் வேலை முடியுமா என்று கேட்பார். தச்சர் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் "எய்" என்பார். எய் என்றால் இல்லை, முடியாது, நடக்காது, எல்லாம்தான். காரணம் ஒரே வரி: ஜன்னல் கண்ணாடி வந்து சேரவில்லை. பெக்கா சுவர்ப் பலகையில் அந்த வேலைக்கு நேரே ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டு "கீத்தோஸ்" என்று நன்றி சொல்வார். முடியாது என்று சொன்னவனுக்கு நன்றி. யாருக்கும் முகம் சுருங்குவதில்லை, யாரும் யாரையும் ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை. அடுத்த ஆளிடம் கேள்வி போய்விடும். நான் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறேன். எனக்குச் சம்பளமே இதற்குத்தான்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு என் வேலையை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கட்டட வேலைகளை எப்படித் திட்டமிடுவது, சொன்ன தேதிக்கு ஏன் எதுவும் முடிவதில்லை, இதுதான் என் ஆராய்ச்சி. பாளையங்கோட்டையில் என் அம்மாவோடு கோயிலுக்கு வருகிற ஒரு அத்தை நேராகவே கேட்டார்கள்: "கட்டடம் ஏன் லேட்டாவுதுன்னு படிக்க அம்புட்டுத் தூரம் போவணுமா? எங்க வீட்டுக் கொத்தனாரக் கேட்டாச் சொல்லிட்டுப் போறான்." அத்தை சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் ஆராய்ச்சி முடியப்போகிற இந்த நேரத்தில், அது விளையாட்டில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கொத்தனாரிடம்தான் போய்க் கேட்டேன். கேட்ட விதத்தில் அவருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்கிற ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் என் கதை. படித்தது சிவில். ஊரைவிட்டு வருவதற்கு முன் கங்கைகொண்டான் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கி கட்டும் வேலையில் சைட் இஞ்சினியராக இருந்தேன். கம்பி எப்போது வரும் என்று நான் கேட்டால் "நாளைக்கி வந்திரும்" என்பார்கள். நானும் மேலே இருக்கிறவரிடம் "நாளைக்கு வந்துவிடும் சார்" என்பேன். அவரும் அவருக்கு மேலே அப்படியே சொல்வார். ஒருத்தருக்கும் நம்பிக்கை கிடையாது, எல்லாருக்கும் அன்றைய பொழுது போய்விடும். அந்தக் கலையில் நான் கெட்டிக்காரி. அதனால்தான் இங்கே வந்த புதிதில் பெக்காவிடம் மாட்டினேன். "செவ்வாய்க்கிழமை காலை வருகிறாயா?" என்று கேட்டார். அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வகுப்பு. "முயற்சி பண்ணுகிறேன்" என்றேன். நம் ஊரில் இதைவிட மரியாதையாக வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? மனிதர் எனக்கான தலைக்கவசத்தையும் சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் கேட் வாசலில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். அடுத்த முறை பார்த்தபோது கோபப்படவில்லை. எனக்கு ஏதாவது விபத்தோ என்று விசாரித்தார். "வரமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேனே" என்றேன். அவர் தன் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை. முயற்சி செய்வேன் என்று சொன்னாய். நான் குறித்துவைத்திருக்கிறேன்" என்றார்.

என்னை ஆராய்ச்சியில் வழிநடத்துகிற பேராசிரியை லீசாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. அவர்களுடைய கொள்கையே இதுதான். கட்டடங்கள் மழையாலும் சிமெண்டாலும் மட்டும் தாமதமாவதில்லை, நடக்காததை நடக்கும் என்று சொல்வதால் தாமதமாகின்றன. ஒருவன் பொய்யாக ஆகட்டும் என்றால் அவன் வேலையோடு போகாது, அதை நம்பி அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற எல்லா வேலையும் நிற்கும். வாரத்துக்கு ஒரு முறை எல்லாரும் கூடி, முடியும் என்றால் பச்சைத் தாள், முடியாது என்றால் சிவப்புத் தாள், கூடவே காரணம். யார் தப்பு என்று கேட்கக் கூடாது, ஏன் என்று மட்டும் கேட்கவேண்டும். எனக்கு இது வேதவாக்காகத் தெரிந்தது. புதிதாக ரட்சிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வேகம் இருக்குமே, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைக்கூட விடமாட்டார்கள், அந்த வேகத்தோடு போன வருஷம் ஆவணியில் திருநெல்வேலிக்கு வந்து இறங்கினேன்.

தச்சநல்லூர் தாண்டி மதுரை ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பரமசிவம் அண்ணாச்சி, தச்சநல்லூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். என் அப்பா இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்குத் தாழ்ப்பாள் முதல் தண்ணீர்த் தொட்டி வரை அவர் கடையில்தான் வாங்கினோம். நான் போய் ஆராய்ச்சி என்றதும் "நம்ம பிள்ளை படிக்கிறதுக்கு இடம் குடுக்காம வேற யாருக்குக் குடுக்க?" என்று சொல்லி உடனே சம்மதித்தார். அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் அவருடைய மகளுக்கு. கார்த்திகையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அச்சுக்குப் போய்விட்டது, மண்டபத்தின் பெயரோடு. நான் போன அன்றைக்கு அந்த மண்டபத்துக்குக் கூரையே கிடையாது. எங்கள் பக்கம் வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். அண்ணாச்சி இரண்டையும் ஒரே தேதியில் வைத்திருந்தார்.

இதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. முடிக்கவேண்டிய நாளை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நாள் எண்ணித் திட்டம் போடுவது என்று எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. லீசா அதற்கு மூன்று வகுப்பு எடுப்பார்கள். பரமசிவம் அண்ணாச்சி ஜோசியரைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் அதைச் செய்திருந்தார். பின்னோக்கி எண்ணுவதை மட்டும் யாரும் செய்யவில்லை.

கூரைத் தளம் போடுகிற பொறுப்பு செல்லத்துரை அண்ணாச்சியிடம் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சீவலப்பேரிக்காரர், தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். அவரை நம்பிப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள், எல்லாரும் அந்தப் பக்கத்து ஆட்கள். முதல் நாள் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், அப்புறம் அம்மா பெயரைக் கேட்டார். சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அஞ்சாம் வகுப்பில் என் அம்மாதான் அவருக்கு டீச்சராம். "வாய்ப்பாடு சொல்லலைன்னா அடிக்க மாட்டாவ. சும்மா பாத்துக்கிட்டே நிப்பாவ. அடிச்சாக்கூடத் தேவல" என்றார். அன்றிலிருந்து சைட்டில் என் பெயர் டீச்சர் மவ. எனக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எங்கிருந்தோ வந்தது, வெயிலில் நின்றால் "இங்கன வாங்க தாயி, நிழலுக்கு" என்று அழைப்பு வந்தது.

வாசல் தூணில் என் வாரப் பலகையை மாட்டினேன். பச்சைத் தாளில் முடியும், சிவப்புத் தாளில் முடியாது என்று என் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன். சனிக்கிழமை காலையில் எல்லா வேலைத் தலைவர்களையும் கூட்டி, டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வார வேலைக்கு நேரே தாளை ஒட்டச் சொன்னேன். ஒட்டினார்கள். எல்லாம் பச்சை. மறுவாரம் பார்த்தால் பாதிகூட நடக்கவில்லை. சரி, புதுசுதானே என்று அடுத்த சனிக்கிழமையும் கூட்டினேன். பச்சை. எலக்ட்ரீசியன், குழாயே வாங்காத வேலைக்குப் பச்சை ஒட்டினார். "குழாய் எங்க அண்ணாச்சி?" என்றால், "அது வந்திரும்" என்றார். ஒரு மாதம் இப்படியே போனது. பலகை வேப்பமரம் மாதிரி பச்சைப் பசேலென்று இருந்தது, மண்டபம் மொட்டையாக நின்றது. லீசாவோடு வாராவாரம் கணினியில் பேசும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். "ஒரு சிவப்புகூட இல்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் கேலி கிடையாது, அதுதான் இன்னும் எரிச்சல்.

செல்லத்துரை அண்ணாச்சி எனக்கு ஒரு தடவை பையச் சொல்லித்தான் பார்த்தார். "தாயி, நல்ல காரியம் நடக்கப்போற எடத்துல இந்த எழுத்த ஒட்டலாமா? நாளப்பின்ன ஏதாச்சும் ஒண்ணுன்னா, அன்னைக்கி ஒட்டுனானே செல்லத்துரை, அவன் வாய் முகூர்த்தம்னு நம்ம தலையிலதான் விடியும்." நான் அதைக் கவனமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே ஒழிய, அது எனக்குச் சொன்ன எச்சரிக்கை என்று மண்டையில் உறைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு நல்ல வரி கிடைத்தது என்றுதான் நினைத்தேன். அரிசி தீர்ந்துபோனால்கூடத் தீர்ந்துவிட்டது என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கே உறைக்கவில்லை என்றால் வேறு யாருக்கு உறைக்கும்?

ஐப்பசி பிறந்து மேகம் கூடிவந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, பலகைய விடுங்க. நெசமாச் சொல்லுங்க, அடுத்த வாரம் தளம் போட முடியுமா?" அவர் பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, டிபன் மூடியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கணக்குப் போட்டார். மண்டபத்தின் அகலத்துக்கு, ஈரத் தளத்தைக் கீழிருந்து தாங்க வேண்டிய முட்டுகளில் பாதிதான் வந்திருக்கின்றன, மீதி வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மழை நடுவில் நாலு நாளாவது தின்னும். தளம் போட்டபின் மூன்று வாரத்துக்கு முட்டுகளைப் பிரிக்கக் கூடாது. அதுவரை உள்ளே பூச்சு கிடையாது, தரை கிடையாது, பந்தி கிடையாது. கல்யாணத் தேதியை எழுதி அதன்மேல் ஒரு கோடு போட்டார். "ஆவாது தாயி. எப்பிடிப் பாத்தாலும் பதினஞ்சு நாள் இடிக்குது." நான் கணினியில் இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட திட்டமும் அதே பதினைந்து நாளைத்தான் காட்டியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இதத்தான் அண்ணாச்சி நான் கேக்கேன். இத அந்தப் பலகையில ஒட்டுங்க." "நீங்களே ஒட்டிருங்களேன்" என்றார். நான் ஒட்டினால் ஆராய்ச்சி செல்லாது என்றேன். சிரித்தார். "சவத்தத் தள்ளுங்க தாயி, வேற வேலையப் பாப்போம்." மறுபடி கேட்டேன். "நாளைக்கிப் பாத்துக்கிடலாம்" என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "எங்கம்மா கேட்டா இப்பிடித்தான் சொல்லுவீங்களா?" செல்லத்துரை அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகினார். எழுந்து கையைக் கழுவினார், வேட்டியில் துடைத்தார், சிவப்புத் தாளை எடுத்து, கூரைத் தளம் என்ற வரிக்கு நேரே கோணாமல் ஒட்டினார். கீழே பென்சிலால் "முட்டு பத்தாது, மழை" என்று எழுதினார். நான் மூன்று கோணத்தில் படமெடுத்து லீசாவுக்கு அனுப்பினேன். "ஹியெனோ" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. பிரமாதம் என்று அர்த்தம். அன்றைக்கு ரோட்டோரக் கடையில் அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே இரண்டு கார்கள் வந்து நின்றன. பரமசிவம் அண்ணாச்சி, சம்பந்தி வீட்டாரை மண்டபம் பார்க்கக் கூட்டிவந்திருந்தார். அவர்கள் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பட்டுச் சேலை கட்டின ஒரு பெரியம்மா, மாப்பிள்ளையின் அத்தையாம், வாசல் தூணருகே நின்று என் கொட்டை எழுத்தை உரக்கவே வாசித்தார்கள்: "கூரைத் தளம். முடியாது." பரமசிவம் அண்ணாச்சி சிரித்த முகம் மாறாமல் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். சம்பந்தி வீட்டார் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கார் போனபின் அவர் பலகையைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஒட்டுனது யாரு?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் செல்லத்துரை அண்ணாச்சி "நாந்தான் மொதலாளி" என்றார். "அப்பிடியா" என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

திங்கட்கிழமை போனபோது புது ஆட்கள் முட்டு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். என் பலகை தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே செல்லத்துரை அண்ணாச்சிக்கு போன் போயிருக்கிறது. "நீரு கொஞ்சநாள் வீட்டுல இரும்வே. பெறவு பாத்துக்கிடலாம்." அவ்வளவுதான். பொங்கல் வரைக்கும் பன்னிரண்டு பேருக்கு இருந்த வேலை அந்த ஒரு வரியில் போனது. நான் நேரே தச்சநல்லூர்க் கடைக்குப் போனேன். "அவரு சொன்னது உண்மைதான அண்ணாச்சி?" என்றேன். பரமசிவம் அண்ணாச்சி எனக்கு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். "உண்மைன்னு எனக்குத் தெரியாதாம்மா? முப்பது வருசமா ஆணி விக்கேன், கட்டடம் எப்பம் முடியும்னு எனக்குத் தெரியாதா? அவன் என்கிட்ட தனியாச் சொல்லியிருந்தா முட்டுக்கு நான் ஆள் விட்டிருப்பேன். பொண்ணு குடுக்கப்போற எடத்துக்காரங்க முன்னால சொவத்துல ஒட்டி வைக்கணுமா? நாளைக்கி என் மவள அந்த வீட்டுல என்ன சொல்லுவாக?" ஒட்டச் சொன்னது நான்தான் என்றேன். "ஒங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நீங்க படிக்கிற பிள்ளை." அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். "பாத்துக்கிடலாம்மா. அவன் நம்ம ஆளுதான்" என்றார். டீ நன்றாகவே இருந்தது. படியிறங்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, அது நடக்காது.

தெரிந்த நான் என்ன செய்தேன்? செல்லத்துரை அண்ணாச்சிக்கு போன் போட்டு, "மொதலாளி பாத்துக்கிடலாம்னு சொல்லியிருக்காரு அண்ணாச்சி" என்றேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் பலகை மாட்டினவள் சொன்ன சொல் அது. "அப்பம் சரி தாயி" என்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது. மறுவாரம் நான் விமானம் ஏறினேன்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. எலக்ட்ரீசியன் வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பினார். மண்டபத்தின் முகப்புக்கு மட்டும் வண்ணம் அடித்து சீரியல் விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே முட்டுகள் காடாக நிற்க, முன்னால் துணி கட்டி மறைத்து, வெளியே பந்தல் போட்டுத் தாலி கட்டினார்கள். தளம் பதினைந்து நாள் பிந்தித்தான் விழுந்திருந்தது, டிபன் மூடிக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அதனால் அவருக்கு என்ன லாபம்? சொவத்துல ஒட்டுத ஆளு என்று பெயராகிவிட்டது. அந்த வட்டாரத்துக் காண்டிராக்டர்கள் ஒருத்தரும் கூப்பிடவில்லை. தைப்பொங்கல் கழிந்ததும் அவர் கொல்லத்துக்கு ரயிலேறி, அங்கே ஒரு கட்டடத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்துவிட்டார். தன் கீழ் ஆள் வைத்திருந்தவர் இப்போது இன்னொருத்தர் கீழே நிற்கிறார். கூட இருந்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு திசை.

இங்கே லீசாவுக்கோ, என் ஆய்விலேயே மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான். முதன்முதலாக ஒரு தொழிலாளி துணிந்து மறுத்த தருணம் என்று அவர்கள் அதைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு படிவம் நிரப்பவேண்டும். சம்பந்தப்பட்டவர் தன் சொந்த விருப்பத்தின்பேரில் பங்கெடுத்தாரா என்று அதில் ஒரு கேள்வி. முறையாகக் கேட்டுவிடுவோம் என்று செல்லத்துரை அண்ணாச்சியின் சாப்பாட்டு நேரம் பார்த்து, பல்கலைக்கழகத்துக்குப் போகிற டிராமில் இருந்தபடியே போன் செய்தேன். நலம் விசாரித்தபின், "அன்னைக்கி நீங்களாத்தான் அண்ணாச்சி மனசார ஒட்டுனீங்க, அப்பிடி எழுதிக்கிடவா?" என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். "நானா எங்க ஒட்டுனேன்? நீங்க டீச்சரச் சொல்லிக் கேட்டீய. டீச்சர் மவ கேக்கும்போது மாட்டேன்னு எப்பிடிச் சொல்ல? ஒட்டுனா வேல போவும்னு எனக்குத் தெரியும் தாயி. நீங்க வேணும்கிற மாரியே எழுதிக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் உலகத்துக்குக் காட்ட வைத்திருந்த அந்த ஒரே ஒரு மறுப்பு, மறுக்கத் தெரியாத மனிதர் எனக்குச் சொன்ன இன்னொரு ஆகட்டும். அந்த டிராமில் என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப் பனியில் நடந்தேன். நேரே லீசாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். "அவர் சொன்ன தேதி சரியாக இருந்ததுதானே?" "இருந்தது." "அப்படியானால் அவருடைய மறுப்பு நம்பத் தகுந்ததுதான்." "அவர் மறுக்கவே இல்லை லீசா. எனக்காகத்தான் செய்தார்." "புரிகிறது. ஆனால் பலகையில் இருப்பது மறுப்பு." இப்படியே கால்மணி நேரம் போனது. கடைசியில் அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு, "இது முன்னைவிடச் சுவாரசியம். இரண்டையும் எழுது" என்றார்கள். நல்ல மனுஷி, வஞ்சகம் கிடையாது. ஆனாலும் சுவாரசியம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. அவர்கள் சொன்னபடி இரண்டையும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் எழுதுகிறேன், அரைப் பக்கம் அடிக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலைக் கூட்டம் முடிந்து, எல்லாரும் கலைந்து, நான் கொட்டகை வாசலில் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். சேற்றுக் காலணியோடு உள்ளே போகக் கூடாது என்பது இங்கே சட்டம். போன் அடித்தது, செல்லத்துரை அண்ணாச்சி. அவராக எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. குரலில் ஒரு தயக்கம். "ஒரு ஒதவி தாயி. இங்கன ஒரு ஸ்கூல் கட்டடம். மூணு தளம். மேஸ்திரி வேல எனக்குக் குடுக்கலாமான்னு இஞ்சினியரு யோசிக்காரு. தெரிஞ்சவுக ஒருத்தர் சொன்னா நல்லாருக்கும்னாரு. ஃபாரின்ல பெரிய படிப்புப் படிக்கிற இஞ்சினியரம்மாவத் தெரியும்னு சொல்லிட்டேன். இது கெடச்சா நம்ம ஆளுவ பன்னெண்டு பேரையும் வரவச்சிருவேன்." நான் பதில் சொல்லுமுன் போன் கைமாறியது. மலையாளம் கலந்த தமிழில் ஓர் இளைஞர் குரல். "மேடம், விஷுவுக்கு முன்னே மூணு தளமும் தீரணும். இவர் தீர்ப்பாரா?"

சித்திரை முதல் நாள் வருகிற விஷுவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நாலு வருஷமாக நான் படித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எத்தனை ஆட்கள், கம்பி எங்கே, வரைபடம் கைக்கு வந்துவிட்டதா, கோடை மழை எப்போது. ஒன்று மட்டும் கேட்டேன். "முட்டு எல்லாம் சைட்டுக்கு வந்திருச்சா சார்?" "வரும், வரும்" என்றார் அவர். இது போதும். இந்த ஒரு பதிலை வைத்து அந்தக் கட்டடத்துக்கு இங்கிருந்தே சிவப்பு ஒட்டலாம். செல்லத்துரை அண்ணாச்சி அவர் பக்கத்தில் நின்று என் வாயைப் பார்ப்பதைப் போல போனைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். "தீர்ப்பார் சார். தேதிக்கு முன்னாலயே முடிச்சிருவார். நான் பொறுப்பு" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "அப்போ ஓகே மேடம்" என்றது அந்தப் பக்கம். திரும்ப செல்லத்துரை அண்ணாச்சி வந்தார். "ரொம்பச் சந்தோசம் தாயி. இப்பந்தான் நம்ம ஊருப் பிள்ளை மாரிப் பேசுதீய."

போனை வைத்தபின்னும் நான் அங்கேயே நின்றேன். அவசரத்தில் ஒரு காலணியைத்தான் மாட்டியிருந்தேன். அந்தக் கால் வெளியே படியில், பனிக்கு மேல் இருந்தது. மற்றது வெறும் காலுறையோடு உள்ளே, சூடான தரைவிரிப்பில் இருந்தது. கதவு என் தோளில் முட்டித் திறந்தபடி கிடந்தது. மேசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை, தகவல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நீ உள்ளே வருகிறாயா, வெளியே போகிறாயா? சூடெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது."